பண்டைக் குடியிருப்புகளின் உணவும் உடல்நலமும்: பூந்தாதுச் சான்று பற்றிய ஓர் ஆய்வு

பண்டை மக்கள் யாது உண்டனர், எந்நோய் உற்றனர் என்னும் வினாக்களுக்கு வரலாற்றாசிரியர் நெடுங்காலமாக மூவகைச் சான்றுகளைக் கொண்டே விடை கூறி வந்தனர். எழுத்துச் சான்று ஒன்று; அகழ்விடங்களிற் கிடைக்கும் எலும்பும் கரிந்த தானியமும் ஒன்று; அடுகலம், அம்மி, திரிகை முதலிய கருவிகள் மற்றொன்று. இவை கூறாது விடுவன பல. எழுத்து, எழுதினார் கருதியதையே கூறும். தீயிற் கரியாத கீரையும் பூவும் மண்ணோடு மண்ணாய் மறையும். கலமோ தன்னகத்து இருந்தது இன்னதெனத் தானே உரையாது. இக்குறையை ஓரளவு நிரப்ப வந்தது, கண்ணுக்குப் புலனாகாத பூந்தாது என்னும் நான்காம் சான்று. அது எங்ஙனம் சான்றாகின்றது என்பதனையும், எதனைக் கூறவல்லது, எதனைக் கூறமாட்டாது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூறமாட்டாதது பற்றியே ஈண்டு மிகுதியாகப் பேசப்படும். இச்சான்றின் பெயரால் எழுந்த முடிபுகள் சில, சான்று தாங்கும் அளவினைக் கடந்து நிற்றலே அதற்குக் காரணமாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒன்று. இக்காலப் பாடநூல்கள் 'மகரந்தம்' என்றே எழுதுகின்றன. வடமொழியில் அச்சொல் பூவின் தேனைக் குறித்தது. பொடிக்கு ஆங்குப் பராகம் என்பது பெயர். தமிழில் வந்தபின் அது இரண்டற்கும் பொதுவாயிற்று. தேன் வழியே வயிற்றினுட் புகுந்த பொடி வேறு, பூவை உண்டதனாற் புகுந்த பொடி வேறு எனப் பிரித்துணர வேண்டிய துறையில் இம்மயக்கம் நன்றன்று. சங்கச் சான்றோர் பூவின் பொடியைத் 'தாது' என்றனர். அச்சொற்கும் வேறு பொருள்கள் உளவாதலின், 'பூந்தாது' என்பதனை ஈண்டு ஆள்கின்றோம். இத்துறைக்கு ஐரோப்பியர் இட்ட பாலினாலஜி என்னும் பெயரும் 1944ஆம் ஆண்டில் ஹைடு, வில்லியம்ஸ் என்னும் இருவர் ஆக்கியதே. தூவுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அது பிறந்தது.

பூந்தாதின் மணி ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை குறுக்களவு உடையது. அதன் புறத்தோல் ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆயது. அமிலத்திற் கரையாமையும், மண்ணில் நெடுங்காலம் அழியாமையும் அப்பொருளின் இயல்புகள். தோலின் மேலுள்ள முள், துளை, வரி, வலைப்பின்னல் ஆகியவற்றால் இம்மணி இன்ன குடும்பத்துச் செடியது, சிலபோழ்து இன்ன இனத்தது என நுண்ணோக்கியிற் கண்டு கூறலாம். மணலையும் களியையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தாற் கரைத்தும், பிற உயிர்ப்பொருளைக் கந்தக அமிலமும் அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கலந்த நீர்மத்தால் நீக்கியும் மணிகளைத் தனித்தெடுப்பர். இப்பின்னைய முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டுக் குன்னார் எர்ட்மன். மண்ணின் அடுக்குகளில் தாதுமணிகளை எண்ணி விழுக்காடு கண்டு, அதனாற் பண்டைக் காடுகளின் வரலாற்றை எழுதலாம் என்பதை 1916இல் கிறிஸ்தியானியா நகரத்திற் கூடிய அறிஞர் அவையில் எடுத்துரைத்தவர் லென்னார்ட் வான் போஸ்ட், இவரும் அந்நாட்டினரே.

வான் போஸ்டுக்குக் காடே பொருள், மாந்தர் அல்லர். மாந்தரை அப்பொடியிற் கண்டவர் டென்மார்க்கின் யோஹான்னஸ் ஐவர்சன். 1941இல் அவர் வெளியிட்ட ஆய்வில், புதிய கற்காலத்து அடுக்கொன்றில் மரங்களின் தாது திடீரெனக் குறைதலும், புல்லும் களையும் மிகுதலும், தானியத் தாதும் பிளான்ட்டாகோ என்னும் மேய்ச்சல்நிலக் களையின் தாதும் புதியனவாகத் தோன்றுதலும், பின்னர்க் காடு மீளுதலும் நிரலே காட்டப்பெற்றன. உழவர் காட்டை எரித்துக் குடியேறிய செயலின் சுவடு இது என்றார் அவர். கல்லாலான கோடரி கொண்டு காடழிக்க இயலுமோ என ஐயுற்றார்க்கு விடையாக, 1950களில் டிராவெட் காட்டிற் பண்டைக் கற்கோடரிகளையே கைப்பிடியிட்டு மரம் வெட்டி, எரித்து, கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்தும் பார்த்தனர். இவ்வரலாறு பலரும் அறிந்ததாதலின் விரிக்கவில்லை.

ஏரியிலும் சதுப்பிலும் படிந்த தாது, சுற்றுப்புறத்து நிலத்தைப் பற்றியே பேசும். நிலத்தில் விளைந்தன எல்லாம் வயிற்றிற் சென்றன அல்ல. காற்றில் மிகுதியாகத் தாதைத் தூவும் மரம் படிவில் மிகுதியாகக் காணப்படும். வண்டால் தாது பரப்பும் செடி, ஊரெல்லாம் நிறைந்திருந்தாலும் ஏரியில் அரிதாகவே தோன்றும். கோதுமையும் வாற்கோதுமையும் தம் பூவிற்குள்ளேயே கருவுறுவன. அவற்றின் தாது பெரும்பாலும் உமியினுள்ளேயே தங்கும். களத்திற் போரடிக்கும்பொழுதே வெளிப்படும். ஆகவே ஏரிப்படிவைக் கொண்டு உணவைப் பேசுதல் இரு படி தாண்டிய ஊகமாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே தக்க எடுத்துக்காட்டு உண்டு. இராசத்தானத்துச் சாம்பர், தித்வானா, லூன்கரன்சர் ஆகிய உப்பேரிகளின் படிவுகளை ஆராய்ந்த குர்தீப் சிங், 1971இல் ஒரு கட்டுரையும், 1974இல் உடனாய்வாளருடன் மற்றொன்றும் வெளியிட்டார். இற்றைக்கு ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட அடுக்கிற் கரித்துகளும், தானியவகையைச் சார்ந்தன எனத்தக்க பெரிய புல்தாதும் ஒருங்கே தோன்றுதலை அவர் கண்டார். காட்டை எரித்துப் பயிர் செய்தமைக்கு அவை அடையாளமாகலாம் என்றார். சிந்துவெளி நகரங்கள் தழைத்த காலம் மழை மிக்க காலம் என்பதும் அவர் கருத்து. இவ்விரு கருத்துக்களும் பல வரலாற்று நூல்களில் ஐயமின்றி எடுத்தாளப்பட்டன. ஆனால் பெரிய புல்தாது என்பது அளவு பற்றிய ஒரு வகுப்பேயன்றித் தானியம் என்பதற்கு உறுதியன்று. காட்டுப் புற்கள் சிலவற்றின் தாதும் அவ்வளவை எட்டும். கரித்துகளோ இயற்கைத் தீயாலும் உண்டாவது. மழை பற்றிய கருத்தும், லூன்கரன்சர் ஏரியை மீண்டும் ஆராய்ந்து என்செல் முதலியோர் 1999இல் வெளியிட்ட முடிபால் வலியிழந்தது. சிந்துவெளி நகரங்கள் முழுவளர்ச்சி பெறுமுன்னரே அவ்வேரி வற்றிவிட்டது என்பது அவர்தம் துணிபு. குர்தீப் சிங்கின் உழைப்பிற்கு இதனாற் குறையொன்றுமில்லை. அவர் 'ஆகலாம்' என்றதைப் பிறர் 'ஆயிற்று' என்று எழுதியதே குற்றம்.

இனி, வயிற்றினுட் புகுந்த தாதிற்கு வருவோம். உண்டார் உடம்பினின்று வெளிப்பட்டு, வறண்ட குகைகளில் உலர்ந்து கெடாது கிடக்கும் மலத்தினுள் அத்தாது காணப்படும். பொருள் அருவருப்பாயினும் சான்று தூயது. கனடா நாட்டு எரிக் காலன் என்பவர் செடிநோய் அறிஞர். டிரைசோடியம் பாஸ்பேட்டு என்னும் உப்பின் நீரில் உலர்மலத்தை ஊறவைத்து, உண்ட பொருளைச் சிதையாது பிரிக்கும் முறையை 1950களில் இத்துறைக்குக் கொணர்ந்தவர் அவரே. பெரு நாட்டு ஊவாக்கா பிரியெத்தாவினின்றும் மெக்சிக்கோவின் தெவாக்கான் பள்ளத்தாக்கினின்றும் வந்த மாதிரிகளை அவர் ஆராய்ந்தார். உடன்பணியாற்றியோர் பலர் அவர் பணியை நகையாடினர் என்பர். 1970இல் பெரு நாட்டில் ஆய்வுப் பணியிடையே அவர் மறைந்தார்.

காலன் விதை, நார், தோல் ஆகியவற்றையே பெரிதும் நோக்கினார். மலத்திலுள்ள பூந்தாதை எண்ணி உணவாராய்ச்சிக்கு ஆக்கிய தொடக்கப் பணிகளுள் தலையாயது, பால் மார்ட்டின், பிளாய்டு ஷாராக் ஆகிய இருவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் பள்ளத்தாக்கு அணைநீரில் மூழ்குதற்கு முன்னர் ஆங்கு விரைந்து அகழ்வு நடத்தப்பெற்றது. அவ்வகழ்வில் கிடைத்த உலர்மலமே அவ்விருவர்க்கும் மாதிரி. ஆங்கு வாழ்ந்தோர், பாறைக் குடைவுகளில் வீடு அமைத்து மக்காச்சோளமும் பூசணியும் அவரையினமும் பயிரிட்ட புவெப்லோ மக்களின் முன்னோர். பயிர்த்தாது கிடைத்ததில் வியப்பில்லை. பயிரிடப்படாத ஒரு செடியின் தாது அவற்றுள் மிக்கு நின்றதே வியப்பு. அச்செடி கிளியோமி இனத்தது. நாம் வேளை என வழங்கும் செடியும் அக்குடும்பத்ததே.

அமெரிக்க வேளை செந்நீல நிறப் பூவுடையது. உழுது கிளறிய நிலத்திலும், குப்பையிலும், பாழ்மனையிலும் தானே முளைப்பது. புவெப்லோ மக்கள் அதனைக் களைந்தெறியாது வயலில் விட்டுவைத்துக் கீரையாக அட்டனர். அதனைக் காய்ச்சி இறுக்கிய குழம்பைக் கலங்களில் ஓவியம் தீட்டவும் பயன்படுத்தினர். இவ்வழக்கம் அவர் வழியினரிடம் அண்மைக் காலம் வரை இருந்தமை அறியப்பட்டதே. அரிசோனாவின் கேன்யன் தெ ஷெய் பள்ளத்தாக்கில் ஆன்டிலோப் ஹவுஸ் என்னும் பண்டைக் குடியிருப்பின் உலர்மலத்தை வில்லியம்ஸ்-டீனும் வான் பிரையண்டும் ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட கட்டுரையும் இவ்வினத் தாதைச் சுட்டுகின்றது.

தமிழ் பயில்வார்க்கு ஈண்டு ஒரு நினைவு எழுதல் இயல்பு. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையாரைப் பற்றிப் பாடிய 215ஆம் பாட்டில், எருப்பொடி நிறைந்த தெருவிற் செழித்த வேளையின் வெண்ணிறப் பூவைத் தயிரிற் கூட்டி ஆயர்மகள் புளிங்கூழ் அடுகின்றாள். அவரை கொய்வார் அதனை வரகுச் சோற்றோடு நிறைய உண்கின்றனர். சிறுபாணாற்றுப்படையிலோ, பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காணின் நாணமென்று கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். ஒன்றில் எருப்படிந்த தெரு, மற்றொன்றிற் குப்பை: மாந்தர் குடியிருப்பைச் சார்ந்து முளைப்பதே இச்செடியின் இயல்பு என்னும் உண்மையைப் புலவர் இருவரும் கண்டுள்ளனர். கொலராடோக் கரையில் மார்ட்டின் கண்டதும் அதுவே. இரு நாட்டார்க்கும் யாதொரு தொடர்பும் கற்பித்தற்கு இடமில்லை. ஒத்த செடி ஒத்த இடத்தில் முளைத்தது, பசியும் சுவையும் ஒத்த வழியில் அதனைப் பயன்கொண்டன, அவ்வளவே.

இவ்விரு பாடல்களும் பூந்தாதுச் சான்றின் எல்லையை நன்கு வரையறுத்துக் காட்டுகின்றன. ஆயர்மகள் அட்டது பூ. கிணைமகள் கிள்ளியது கீரை. பூவை உண்டாரது மலத்தில் தாது ஒரு கிராமிற்கு இலட்சக்கணக்கிலும் இருத்தல் கூடும். கீரையை உண்டார்க்கு, இலைமேல் உதிர்ந்த சிறிதளவே சேரும். ஆகவே எண்ணிக்கையைக் கொண்டு இவ்வுணவு பூவா கீரையா எனப் பகுத்தறிய இடமுண்டு. பூக்கும் பருவம் தெரிந்தமையின் உண்ட பருவமும் தெரியும். ஆனால் உப்பின்மையைத் தாது கூறாது. அடைத்த கதவையும் கூறாது. ஒரே செடி ஒரு வீட்டில் விருப்புணவாகவும் மற்றொரு வீட்டில் வறுமையின் எல்லையாகவும் இருந்தது என்னும் செய்தி சொல்லாலன்றி வேறு வழியால் அறியப்படுவதன்று. புவெப்லோ மக்கள் வேளையை வளத்தால் உண்டனரா, வறட்சியால் உண்டனரா என்னும் வழக்கு இன்றும் தீராமைக்கும் இதுவே காரணம். எழுத்தில்லா மக்களிடம் பாணாற்றுப்படையை எங்கே தேடுவது?

எண்ணிக்கை என்றோம். அதன் நுட்பத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். தொடக்கத்தில் விழுக்காட்டையே கணித்தனர். நூறு மணியில் நாற்பது வேளை என்றால், வேளை மிகுந்ததனால் நாற்பது ஆயிற்றா, பிற குறைந்ததனால் ஆயிற்றா என்பது தெளிவாகாது. 1971இல் ஸ்டாக்மார் என்பவர், எண்ணிக்கை அறியப்பட்ட லைக்கோபோடியம் என்னும் பாசியொத்த செடியின் நுண்வித்துகளை மாத்திரையாக்கி மாதிரியுடன் கலக்கும் முறையை வெளியிட்டார். கலந்த வித்தில் எத்தனை கண்ணில் பட்டன என்பதை ஒப்பிட்டு, ஒரு கிராமில் தாது எத்துணை என உறுதியாகக் கணிக்கலாம். இதன்பின்னரே, பின்னணித் தாது எனப்படுவதைப் பிரித்தல் இயன்றது. மூச்சோடும் குடிநீரோடும் உணவின்மேற் படிந்த தூசியோடும் எவர் வயிற்றினுள்ளும் தாது புகுந்துகொண்டே இருக்கும். அதனை உணவென்று கொள்ளின் ஆய்வு பழுதாகும். புன்னைமரத்து நிழலில் நீர் பருகியவன் புன்னையை உண்டவன் ஆகான்.

ஆகவே ஒவ்வொரு தாதிற்கும் அதன் வரவு வழியை வினவுதல் வேண்டும். பூசணியின் தாது பெரியது, பிசுபிசுப்பானது, காற்றிற் பறவாதது. அது வயிற்றிற் காணப்படின் பூவையே உண்டனர் எனல் பெரும்பாலும் பொருந்தும். மக்காச்சோளத் தாதும் பெரிதாதலின் நெடுந்தொலைவு செல்லாது. உமியிலும் மணியிலும் ஒட்டி உரலுக்கும் அம்மிக்கும் வரும். நீர்நிலைகளில் வளரும் சம்புவின் தாதோ காற்றிற் பறப்பது. ஆயினும் அது நெவாடாவின் லவ்லாக் குகை உலர்மலத்திற் கட்டிக்கட்டியாகக் கிடைத்தது. காற்று கட்டிகளைக் கொணராது. சம்புக் கதிரைத் தட்டிப் பொடியைத் திரட்டி மாவாக உண்டனர் என்பதே அதன் பொருள். வேப்பம்பூவும் முருங்கைப்பூவும் வாழைப்பூவும் அடுக்களையில் இன்றும் வழங்கும் நாட்டினர்க்குப் பூவுணவு வியப்பாகத் தோன்றாது. பூவுணவை மறந்துவிட்ட நாட்டு அறிஞர்க்கே இது முதலிற் புதுமையாயிற்று.

மற்றொரு தடையும் உண்டு. உண்ட தாது ஒரே நாளில் வெளியேறுவதில்லை. குடலின் மடிப்புகளில் தங்கிப் பல நாள் சிறிது சிறிதாக வரும். விதையும் தோலும் ஒருநாள் உணவைக் கூறத் தாது முன்னைய நாட்களின் உணவையும் கலந்து கூறும். எனவே ஒரு மலக்கட்டியை ஒருவேளை உணவாகக் கொள்ளலாகாது; விதைச் சான்றும் தாதுச் சான்றும் முரணுவது போலத் தோன்றின் அது முரண் அன்று.

உடல்நலம் பற்றிய பகுதி இதனினும் சிக்கலானது. கேன்யன் தெ ஷெய் முதலிய இடங்களிற் கிடைத்த புவெப்லோ மண்டையோடுகள் பலவற்றின் மேற்புறத்தும் கண்குழி மேற்றளத்தும் நுண்துளைகள் காணப்படுகின்றன. குருதிச் சோகையே அதற்குக் காரணம் என்பது வழங்கி வந்த கருத்து. மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டமையால் இரும்புச் சத்துக் குறைந்தது என எல்-நஜ்ஜார் முதலியோர் 1976இல் எழுதினர். சோளத்தையே நம்பிய பள்ளத்தாக்கு மக்களிடம் இக்குறை மிகுந்தும், ஊனுணவு மிக்க மேட்டுநில மக்களிடம் குறைந்தும் காணப்பட்டமை அவர்க்குத் துணையாயிற்று. ஆனால் மலச்சான்றோ அம்மக்கள் சோளத்தோடு வேளைக்கீரையும் பிற காட்டுச் செடிகளும் உண்டமையைக் காட்டிற்று. 'சோளமே உணவு' என்னும் அடிப்படை இதனால் நெகிழ்ந்தது. கார்ல் ரைன்ஹார்ட் என்பவர் உணவினும் குடற்புழுவே பெருங்காரணம் என வாதிட்டார். தாதைத் தேடிய அதே நுண்ணோக்கியிற் புழுவின் முட்டையும் தென்படும். இரண்டும் ஏறத்தாழ ஓரளவின. ஆன்டிலோப் ஹவுஸ் மாதிரிகளில் ஊசிப்புழுவின் முட்டை கிடைத்துள்ளது. பாறைக் குடைவில் நெருங்கி அடைந்து வாழ்ந்தார்க்கு அப்புழு எளிதிற் பரவும். வாக்கர் முதலியோர் 2009இல், இரும்புக் குறைவால் மட்டும் மண்டையோட்டில் அத்துளைகள் உண்டாகா, பி12 உயிர்ச்சத்துக் குறைவும் குடல்நோயும் சேர்ந்த சோகையே அதற்குப் பொருந்தும் என மறுத்தெழுதினர். வழக்கு முடியவில்லை. என்பு ஒன்றையே நோக்கிய காலத்தில் உணவே குற்றவாளியாக நின்றது. தாதும் முட்டையும் வந்தபின், குடியிருந்த வீட்டின் நெருக்கமும் வினாவிற்கு உள்ளாயிற்று. இதுவே இச்சான்றால் விளைந்த பயன்.

மருந்தைப் பற்றிய கூற்றுகளை இன்னும் விழிப்புடன் ஏற்றல் வேண்டும். ரைன்ஹார்ட் முதலியோர் 1991இல், தாதின் செறிவைக் கணித்து வில்லோ, எபெட்ரா, கிரியோசோட்டுப் புதர் ஆகியவை மருந்தாக உட்கொள்ளப்பட்டன என்று காட்ட முயன்றனர். மூன்றும் அந்நிலத்து மக்கள் மருந்தாக வழங்கியனவே. ஆயின் எபெட்ராவின் தாது பாலை முழுவதும் காற்றிற் பறப்பது. செறிவு மிகப் பெரிதாயினன்றி அதனை மருந்தென்றல் இயலாது. அதனாலேயே அவர் செறிவை முதற்கண் வைத்தார். இவ்வொழுங்கு போற்றத்தக்கது.

ஒழுங்கின்றி முடிபு கூறியதன் விளைவிற்கு ஷானிதார் குகை சான்று. வட ஈராக்கிலுள்ள அக்குகையில் 1960இல் ரால்ப் சொலெக்கி கண்டெடுத்த நியாண்டர்தால் மாந்தன் ஒருவனது உடலைச் சுற்றிய மண்ணில், பூந்தாது கொத்துக்கொத்தாகக் கிடந்ததை ஆர்லெத் லெருவா-கூரான் கண்டார். பிணத்தின்மேற் பூவிட்டனர் என்பது அதனால் எழுந்த கருத்து. அப்பூக்களுட் பல மருந்துச் செடிகளின ஆதலின் அம்மாந்தன் மருத்துவன் போலும் என்னும் அளவிற்கும் அது வளர்ந்தது. ஆனால் பூக்களை வளையில் சேர்த்துவைக்கும் எலியினத்தை 1999இல் சோமர் எடுத்துக்காட்டினார். மண்ணில் துளையிட்டுக் கூடமைக்கும் ஈக்கள் கொணர்ந்த தாதாகலாம் என 2023இல் ஹண்டு முதலியோர் எழுதினர். இங்கிலாந்தின் லிண்டோ சதுப்பில் 1984இற் கிடைத்த ஆடவன் உடலின் குடலிற் புல்லுருவியின் தாது நான்கு மணிகள் காணப்பட்டன. நான்கே மணிகள். அவற்றின்மேல் ட்ரூயிடு பூசாரிகளின் வேள்வியைக் கட்டி ஒரு நூலே எழுதப்பெற்றது. குடித்த நீரில் நான்கு மணிகள் மிதந்திருத்தல் கூடாதோ?

இவற்றிற்கு மறுதலையாக, வினா சிறிதாகவும் விடை உறுதியாகவும் அமைந்த ஆய்வு ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இற் கிடைத்த ஏட்சி என்னும் மாந்தனைப் பற்றியது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முன் 3,210 மீட்டர் உயரத்தில் அவன் இறந்து கிடந்தான். உடன் கிடந்த காட்டுக்கனியும் தானியமும் கொண்டு, கூதிர்ப் பருவத்தில் இறந்தான் என முதலிற் கருதினர். இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்துக் கிளாவுஸ் ஏக்ல் அவன் பெருங்குடலில் ஹாப் ஹார்ன்பீம் என்னும் மரத்தின் தாதைக் கண்டார். அம்மரம் தெற்கே தாழ்ந்த பள்ளத்தாக்கில் வளர்வது. இளவேனிலின் பிற்பகுதியிலிருந்து முதுவேனிலின் தொடக்கம் வரை பூப்பது. தாதுமணியின் உள்ளீடும் அழியாதிருந்தமையின், மரம் பூத்த அப்பொழுதே அது உட்சென்றது என்பது தெளிவாயிற்று. இறந்த பருவம் மாறிற்று. உணவாகவன்றிக் குடித்த நீரோடும் உண்ட சோற்றின்மேற் படிந்தும் வந்த தாதே அது. ஆயினும் வினா 'யாது உண்டான்' என்பதன்று, 'எப்பொழுது, எவ்விடத்தில் இருந்தான்' என்பதாதலின் பின்னணித் தாதே முன்னணிச் சான்றாயிற்று. அக்குடலிலேயே ஐன்கார்ன் என்னும் பழங்கோதுமையின் தவிடும் சாட்டைப்புழுவின் முட்டையும் இருந்தன.

தமிழகத்திற்கு இம்முறை எவ்வளவிற் பயன்படும் என்று வினவுவார்க்கு, மிகுந்த நம்பிக்கை கூறுதற்கில்லை. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் நிலத்தில், நனைந்தும் உலர்ந்தும் காற்றுப்படும் மண்ணில் தாது விரைவிற் சிதையும். நம் ஏரிகள் கோடையில் வற்றி வெடிப்பன, படிவு வாருவன. நம் மரஞ்செடிகளுட் பல வண்டை நம்புவன. ஆகலின் படிவிற் குறைவாகவே தோன்றும். நெல்லின் தாதைக் காட்டுப் புற்களின் தாதினின்று பிரித்தல் எளிதன்று. நெல் பற்றி வினவுவார் இலையிலும் உமியிலும் உள்ள மணற்சத்துத் துகள்களை நாடுதலே தக்கது. உலர்மலம் கெடாது காக்கும் பாலைக் குகைகளும் நமக்கு இல்லை. நீலமலையின் சதுப்புகளில் 20,000 ஆண்டுகட்கு மேற்பட்ட படிவுகள் உண்டு. அவை காடும் புல்வெளியும் மாறிய வரலாற்றை நன்கு கூறும். அடுக்களையைப் பற்றி அவை கூறா.

ஆயினும் கொடுமணல், கீழடி முதலிய குடியிருப்பு அகழ்வுகளில் முயலத்தக்கன சில உள. மூடிய கலத்தின் அடிமண், அம்மியின் நுண்குழிகளிற் செறிந்த துகள், பற்களின்மேற் படிந்த காறை, குப்பைக்குழியின் ஈரம் மாறாத அடிப்பகுதி ஆகியவை தாதைக் காக்கவல்லன. இவற்றைக் கழுவித் தூய்மை செய்தபின் மாதிரி கேட்டல் பயனற்றது. அகழ்வார் கைபடுமுன், வெட்டிய முகம் காற்றிற் புலராமுன் எடுத்து மூடுதல் வேண்டும். இன்றைய நிலமேற்பரப்பின் மண்ணையும் ஒப்புநோக்குதற்கு உடன் எடுத்தல் வேண்டும். கலத்தின் உள்மண்ணோடு, அக்கலம் கிடந்த தரையின் மண்ணும் வேண்டும். இரண்டிலும் வேளைத் தாது ஒத்த அளவில் இருப்பின் அது தெருவில் தானே முளைத்த செடியினது. உள்ளே மட்டும் பன்மடங்கு மிக்கிருப்பின், யாரோ ஒருத்தி அடுகலத்தில் இட்ட பூவினது.